மேடத்துக்குச் சொன்ன விலை

மெர்லினுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது "குடும்பம் ஓட்ட முடியலை" என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கூப்பிடாமலே போய் உட்கார்ந்து கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுவாள். பருப்புக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, உங்க வீட்டுக்காரர் வாங்குறது இவ்வளவு, அப்புறம் ஏன் முடியலை? கேட்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்க முடியாது. ஏனென்றால் அவள் சொல்வது வாய்க்கு வந்த கணக்கு இல்லை, கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த கணக்கு.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டில் ஏழு குடித்தனம். அதில் ஒன்று மெர்லினுடையது. புருஷன் சைமன்ராஜுக்கு மைன்ஸில் வேலை. கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற நிலக்கரியை அள்ளிப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லி அவனுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். ஒரே மகள் கடலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். மெர்லின் பி.காம். அந்த லைனில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதை மற்ற ஆறு குடித்தனமும் மறக்காதபடி பார்த்துக்கொண்டாள்.

சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. ஒரு குடும்பம் கௌரவமாக வாழ மாதம் எவ்வளவு கூலி வேண்டும் என்று ஊர் ஊராகக் கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. சட்டம் சொல்கிற குறைந்தபட்சக் கூலி வேறு, இது வேறு. நாலு பேர் மூன்று வேளை சாப்பிட்டு, வாடகை கொடுத்து, பிள்ளையைப் படிக்க வைத்து, காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கி, கையில் நாலு காசு மிச்சமும் பிடிக்கிற கூலி இது. அதைக் கண்டுபிடிக்க முதலில் விலை தெரிய வேண்டும். மாதாமாதம் யாராவது கடைக்குப் போய் அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை என்று கேட்டு எழுத வேண்டும். நெய்வேலிக்கு அந்த யாராவது, ஐந்து வருஷமாக, மெர்லின்தான்.

டவுன்ஷிப் பஜாரில் பன்னிரண்டு கடைகள், தொண்ணூற்று நாலு சாமான்கள். கடையை மாற்றக் கூடாது, பிராண்டை மாற்றக் கூடாது, அளவை மாற்றக் கூடாது. பருப்பு என்றால் ஒரு கிலோ, எண்ணெய் என்றால் ஒரு லிட்டர். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை, கையில் விலை பதிய நிலையம் கொடுத்த டேப்லெட். இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் போய் நின்று, "இன்றைய சில்லறை விலை என்னங்க?" என்று புத்தகத் தமிழில் கேட்பாள். மளிகைக் கடை சிவக்குமார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்று, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு பதில் சொல்வான். மற்ற வாடிக்கைக்காரர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காதவன் அவன். தன் படிப்புக்குக் கொடுக்கிற மரியாதை இது என்று மெர்லின் நினைத்துக்கொண்டாள். பாவம், வேறென்ன நினைப்பாள்!

அங்கேயே தன் வீட்டுக்கும் இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொள்வாள். எழுதின விலைக்கேதான் கொடுப்பான், ஒரு ரூபாய் கூட இல்லை. அதனால் தன் கணக்கின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. எழுதுகிற விலைக்கு வாங்கவும் முடிகிறதே, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? தன்னால் பதினேழாயிரத்துக்குள் குடும்பத்தைக் கட்டுக்கோப்பாக நடத்த முடிகிறது, மற்றவர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சாமர்த்தியம் போதாதவர்கள் பட்டியலில் முதல் பெயர் கலியம்மாளுடையது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். வளையமாதேவிப் பக்கம் இருந்த ஒன்றரைக் காணி நிலம் மைன்ஸுக்குப் போன பிறகு இங்கே வந்து, டவுன்ஷிப் ரோடு பெருக்குகிற காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயசு, பிரஷர். தினம் ஒரு மாத்திரை போட வேண்டியவள் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். மெர்லினுக்கு அது தெரிந்த அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கூலிக்கு மருந்து போக மாசம் எண்ணூறு ரூபாய் மிச்சம் ஆகணும். எங்க கணக்குல மருந்துச் செலவும் சேர்த்துத்தான் போட்டிருக்கோம். நீங்க எங்கேயோ ஓட்டை விடுறீங்க" என்றாள். கலியம்மாள் தன் செலவுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தன்மேல் தப்பு இருக்கும்போல என்று நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை.

கலியம்மாள் சாமான் வாங்கினது வீட்டுப் பக்கத்திலிருந்த பெட்டிக்கடையில். கூலி வரும்வரை கடன். பத்து ரூபாய்க்கு எண்ணெய், இருபது ரூபாய்க்குப் பருப்பு என்று பொட்டலம் பொட்டலமாக வாங்குவாள். பொட்டலத்தைச் சேர்த்துக் கூட்டினால் கிலோ இருநூறுக்குப் பக்கம் வரும். இல்லாதவனுக்குத்தான் எல்லாம் விலை ஜாஸ்தி, உலகம் பூராவும் இந்த அநியாயம்தான்! கையில் மொத்தமாகக் காசு இருந்தால் டவுன்ஷிப் பஜாரில் கிலோவாக வாங்குங்க, துவரம் பருப்பு நூற்று இருபத்திரண்டுதான் என்று மெர்லின் ஓதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. கலியம்மாள் பஸ் ஏறிப் போனாள்.

திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெர்லின் வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்து கிடந்தது.

"இன்னா மெர்லினு, நீ சொல்ற வெலைக்கு எந்தக் கடையில குடுக்குறான்? கடை பேரச் சொல்லு மொதல்ல."

"சிவக்குமார் கடைதான்க்கா. போன வாரம்தானே நானே வாங்கினேன்."

"அங்கேர்ந்துதான் வந்துகினு இருக்கேன். கிலோ நூத்தம்பதுன்றான். நூத்தி இருவத்திரண்டுதானேங்கன்னு கேட்டேன். வேணும்னா வாங்கு, இல்லன்னா எடத்தக் காலி பண்ணுன்றான். அத்தினி பேரு முன்னாடி! எண்ணெய் நூத்தி அறுவது. நீ இன்னா சொன்ன, நூத்தி முப்பத்தெட்டுன்ன. அரிசி அம்பத்தாறு, நீ நாப்பத்தாறுன்ன. எதுதான் நீ சொன்ன வெலையில இருந்துது? எதுவும் இல்ல!"

"அப்படி இருக்காதுக்கா. வேற பிராண்டா கேட்டிருப்பீங்க."

கலியம்மாளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெடித்துவிட்டது.

"வேற பிராண்டா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா எனக்கு? மாத்திரைய நாள் விட்டு நாள் முழுங்கறது திமிருலன்னு நெனச்சிக்கினு இருந்தியா நீ? ஓட்டையாம் ஓட்டை! ஓட்டை ஒன் கணக்குல இருக்குடி!"

மெர்லினை அதுவரை யாரும் டி போட்டுப் பேசினதில்லை. ஆனால் கோபம் வரவில்லை. சிவக்குமார் எழுந்து நின்று பித்தான் போட்டுக்கொள்கிற காட்சி கண்முன் வந்தது. எந்தக் கடைக்காரன் எந்த வாடிக்கைக்காரிக்கு எழுந்து நிற்பான்? இவன் தன்னை ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு ஒரு விலை சொல்கிறானோ?

அவள் போய்க் கேட்டால் மறுபடியும் அந்த விலையைத்தான் சொல்வார்கள், எல்லாக் கடைக்கும் அவள் முகம் தெரியும். அதனால் மறுநாள் லைன் வீட்டுப் பெண்கள் ஐந்து பேரைப் பிடித்தாள். ஆளுக்கு இரண்டு, மூன்று கடை. எந்த அட்டையும் இல்லாமல், பெருக்கப் போகிற புடவையோடு, சும்மா போய் விலை கேட்டு வரச் சொன்னாள். கலியம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அப்புறம் அவளே முன்னால் நடந்தாள். சாயங்காலம் ஐந்து பேரும் வந்து ஒப்பித்தார்கள். பன்னிரண்டு கடையில் பதினொன்றில் இதே கதை. ஒரே ஒரு பாத்திரக் கடைக்காரர்தான் எல்லோருக்கும் ஒரே விலை சொல்கிற மனிதர்.

மெர்லின் அன்றைக்கு உட்கார்ந்து முழுக் கணக்கையும் திருப்பிப் போட்டாள். நிலையம் போட்ட கணக்கில் நெய்வேலிக் குடும்பத்துக்கு மாதம் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது போதும். இருபத்தாறு நாள் வேலைக்கு, நாள் ஒன்றுக்கு அறுநூற்றுத் தொண்ணூறு. பெண்கள் கொண்டுவந்த விலையில் போட்டால் இருபத்தோராயிரத்து ஐநூற்று எண்பது வந்தது. நாளுக்கு எண்ணூற்று முப்பது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

இந்தக் கணக்கு ஏதோ புத்தகத்தில் அச்சாகித் தூங்குகிற கணக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர்களும் தொழிலாளர் தரப்பும் உட்கார்ந்து கூலி பேசும்போது, இரண்டு தரப்புக்கும் பொதுவாக அந்த நிலையத்தின் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள். புது ஒப்பந்தம் வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்தாக இருந்தது. முந்நூறு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு மாதம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது வீதம், மூன்று வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் ரூபாய். யாரும் திருடவில்லை, யாரும் பூட்டை உடைக்கவில்லை, அவ்வளவு பணமும் கண்ணெதிரே போகப் போகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சைமன்ராஜ் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் கை கால் கழுவிக்கொண்டே கேட்டான். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"போன தடவ அறுநூத்தி நாப்பதுன்னு போட்டாங்களே, அதுவும் ஒன் கணக்குதானா?"

"ஆமாங்க."

"அப்ப மூணு வருஷமா என் கூலியக் கொறைச்சது நீதான்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவன், துண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "இப்ப எதுவும் கெளப்பாத மெர்லின். அம்பது ரூபா ஏறுது. நீ பேசினா அதுவும் நின்னு போயிடும். ஒன் வேலையும் போயிடும். நமக்கு எதுக்கு?"

"அம்பது இல்லைங்க, நூத்தித் தொண்ணூறு ஏறணும். நியாயமா ஏறணும். தப்பா எழுதினது நான்தானே, நான் சொல்லாம வேற யாருங்க சொல்லுவா?"

"சொன்னா எவன் கேக்கப் போறான்?"

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் டேப்பைத் திறந்து உண்மை விலையைப் போட்டாள். துவரம் பருப்பு 150. கட்டம் சிவப்பாக மாறியது. போன மாத விலையைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் ஏறினால் அது சிவப்பாகி, காரணம் என்ன என்று கேட்கும். கீழே தேர்ந்தெடுக்க நாலு காரணங்கள்: பண்டிகை, மழை, வரத்துக் குறைவு, போக்குவரத்து. இத்தனை நாள் எழுதினது பொய் என்று ஒரு காரணம் அதில் இல்லை. அப்படியும் ஒரு நிலை வரும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. பொய்க்குப் பக்கத்தில் இருந்தால் வாங்கிக்கொள்கிறது, உண்மைக்குப் போனால் சிவக்கிறது. இதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடாம்!

நிலையத்தின் கடலூர் மாவட்ட மேற்பார்வையாளர் அறிவழகனுக்குப் போன் போட்டாள். அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

"மேடம், ஒரே மாசத்துல இருபது சதவீதம் ஏறுச்சுன்னு அனுப்பினா சென்னையில என்னைத்தான் கேப்பாங்க."

"ஒரே மாசத்துல ஏறலை சார். அஞ்சு வருஷமா தப்பு."

"புரியுது. அதை எந்தக் கட்டத்துல போடுறதுன்னுதான் தெரியலை. ஒண்ணு செய்யுங்க. மாசம் ஏழு சதவீதமா ஏத்துங்க. சிவப்பு வராது. மூணு மாசத்துல சரியான விலைக்கு வந்துடலாம்."

"வெள்ளிக்கிழமை மூணு வருஷத்துக்குக் கையெழுத்து சார்!"

அறிவழகன் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கூட்டத்துக்கு நீங்களும் வரணும் மேடம். விலை பத்தி யாராவது கேட்டா பதில் சொல்லணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏழு ஏழாக ஏற்ற வேண்டுமாம். முந்நூறு குடும்பத்தின் பசியை நிலையம் தவணை முறையில் ஒத்துக்கொள்ளுமாம். மெர்லின் போனை மேஜைமேல் போட்ட வேகத்தில் பின்பக்கக் கண்ணாடி கீறிவிட்டது.

வெள்ளிக்கிழமை, சம்பளம் வந்த மறுநாள். பஜாருக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்ட அறை. காண்ட்ராக்டர்கள் சார்பில் மேனேஜர் ஜெபின் வந்திருந்தான். முப்பத்தைந்து வயசு, பளிச்சென்று சிரிப்பு, யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். தொழிலாளர் தரப்பில் நாலு பேர், அதில் சைமன்ராஜ் ஒருவன். ஓரத்தில் அறிவழகனும் மெர்லினும். வெளியே மரத்தடியில் பெருக்குகிற பெண்கள் முப்பது பேர் கலியம்மாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜெபின் தாளைப் படித்தான். "அறிவியல் முறைப்படி, நேரடி விலை சேகரிப்பு மூலமா, ஒரு குடும்பம் கௌரவமா வாழத் தேவையான மாதக் கூலி பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. நாங்க ஒரு பைசா குறைக்கலை. அப்படியே தர்றோம்." பேனா மூடியைத் திறந்து தொழிலாளர் பக்கம் நீட்டினான். சைமன்ராஜ் மெர்லினைப் பார்த்தான். பேசாதே என்று பார்த்தானா, பேசு என்று பார்த்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது.

மெர்லின் எழுந்தாள். "அந்த விலை தப்பு சார்" என்றாள். "அது எனக்கு மட்டும் சொன்ன விலை. ஜனங்க கொடுக்கிற விலை இல்லை. ஆளை அனுப்பிக் கேட்டுட்டேன். பதினோரு கடையில அப்படித்தான்."

அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபின் சிரிப்பு மாறவே இல்லை.

"மேடம், இது நாங்க சொன்ன நம்பர் இல்லைங்க. அஞ்சு வருஷமா நீங்க சொன்ன நம்பர். போன தடவை சரின்னீங்க, இந்தத் தடவை உங்க வீட்டுக்காரர் பேச்சுவார்த்தைக்கு வந்ததும் தப்புன்னு சொல்றீங்க. கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

எப்படிப் பேச்சு பாருங்கள்! அவள் பொய்க்காரி என்று சொல்லாமல் சொல்லிவிட்டான், அதுவும் ங்க போட்டு. சைமன்ராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "சார், என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா. தெரியாம எங்களுக்கே கொறைச்சு எழுதினவளா, இப்ப கூட்டி எழுதப் போறா?"

"கோபம் வேண்டாங்க" என்றான் ஜெபின். "கடை எதிர்லதானே இருக்கு? எல்லாரும் போய்க் கேட்டுடலாமே. அஞ்சு நிமிஷ வேலை."

போனார்கள். முன்னால் ஜெபின், கையில் பைல். பக்கத்தில் அவன் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், கழுத்தில் கம்பெனி அட்டை. அறிவழகன், அவர் கழுத்திலும் அட்டை. பின்னால் மெர்லினும் தொழிலாளர்களும். இந்தக் கூட்டம் கடை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சிவக்குமாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து நின்றான். பித்தான் போட்டான்.

"துவரம் பருப்பு கிலோ என்ன விலைங்க?" என்றான் ஜெபின்.

"நூத்தி இருவத்திரண்டு சார்."

"எண்ணெய்?"

"நூத்தி முப்பத்தெட்டு சார். வெலை போர்டு போட்டுடறேன் சார், இன்னைக்கே போட்டுடறேன்."

ஜெபின் திரும்பி இரண்டு கையையும் விரித்தான். "பாத்தீங்களா? நான் ஒண்ணுமே சொல்லலை." அடப் பாவி, இத்தனை அட்டையைப் பார்த்தால் இவன் வேறென்ன சொல்வான் என்று மெர்லினுக்கு இப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! விலை கேட்க வந்த ஊர்வலமே விலையைக் குறைத்துவிட்டது. சைமன்ராஜ் தலை தொங்கிப் போயிற்று. ஆபீஸ் ஆள் ஒருவன் ஒப்பந்தத் தாளை எடுத்துக் கல்லாப் பெட்டிமேல் வைத்து, "கையெழுத்த இங்கேயே போட்டுடலாமா?" என்றான்.

"கொஞ்சம் வழி வுடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. கலியம்மாள். மரத்தடியிலிருந்து எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. நடுவில் புகுந்து கல்லா முன்னால் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்தாள்.

"நூத்தி இருவத்திரண்டா? நல்ல வெலையா இருக்குதே. ரெண்டு கிலோ போடு."

சிவக்குமார் அவளைப் பார்த்தான், ஜெபினைப் பார்த்தான். நிறுத்துப் போட்டான். இருநூற்று நாற்பத்து நாலு போக மீதியைக் கொடுத்தான். கலியம்மாள் திரும்பி மரத்தடியைப் பார்த்துக் கையை வாய்க்கு வைத்துக் கூப்பிட்டாள்.

"ஏய், எல்லாம் வாங்கடி! தொவரம் பருப்பு நூத்தி இருவத்திரண்டாம், எண்ணெய் நூத்தி முப்பத்தெட்டாம்! சார் கண்ணெதிர்லியே குடுக்குறாங்க!"

முப்பது பெண்களும் வந்துவிட்டார்கள். கையில் சம்பளக் காசு. எனக்கு ரெண்டு கிலோ, எனக்கு மூணு லிட்டர், எனக்கு அரிசி ஒரு சிப்பம். பஜாரில் போகிறவர்கள், வருகிறவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு அவர்களும் வரிசையில் நின்றார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருத்தி ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பையோடு ஓடி வந்தாள். சிவக்குமார் ஒன்று நிறுத்தான், இரண்டு நிறுத்தான், மூன்று நிறுத்தான். நெற்றியிலிருந்து வேர்வை தராசில் சொட்டியது. ஏழாவது ஆளுக்குப் போடும்போது படிக்கல்லைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐயோ சார், என்னால முடியாதுங்க! வேணும்னா ஃபைனப் போடுங்க, கடையப் பூட்டுங்க! நானே நூத்தி முப்பத்தாறுக்கு எடுத்தேங்க. இது விக்கிற வெலை இல்லைங்க. இது மேடத்துக்குச் சொல்ற வெலை!"

அறிவழகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"யாருங்க சொல்லச் சொன்னது?" என்று அறிவழகன் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. கழுத்துல அட்ட, கையில மிஷினு, செக்கிங்குக்கு வந்துக்கினு இருக்காங்கன்னு நெனச்சிட்டோம். மொத நாளு பயத்துல கொறைச்சுச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் நெசத்தச் சொன்னா, ஏன் இவ்ளோ ஏத்துனன்னு புடிப்பாங்களேன்னு அப்பப்ப ஒரு ரூவா, ரெண்டு ரூவா மட்டும் ஏத்திக்கினே வந்தேன். மறந்துடக் கூடாதுன்னு சீட்டுகூட எழுதி வச்சிருக்கேங்க." காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டை உருவிக் கொடுத்தான். மேடம் வெலை என்று மேலே எழுதி, மாத வாரியாக, அத்தனையும் மெர்லின் டேப்பில் இருந்த எண்கள். "பக்கத்துக் கடைக்காரங்களும் என்னக் கேட்டுத்தாங்க சொல்லுவாங்க."

அறிவழகன் அந்தச் சீட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். ஐந்து வருஷ அறிவியல் முறை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மெர்லின் ஜெபினைப் பார்த்துப் பேசினாள். இந்தத் தடவை புத்தகத் தமிழ் வரவில்லை. "இதுதான் சார் கௌரவமா வாழுற கணக்கு. இவர் பயந்தாரு, நான் பெருமையா எழுதினேன், நீங்க சந்தோஷமா வாங்கிக்கிட்டீங்க. மூணு பேருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மாத்திரைய நாள் விட்டு நாள் முழுங்கினது இந்த அக்கா. அவங்களையே குடும்பம் நடத்தத் தெரியாதவங்கன்னு பேசினேன் சார் நான், என் வாயால." அதற்கு மேல் பேச முடியவில்லை. எல்லோர் எதிரிலும் அழுதாள். கலியம்மாள் கிட்டே வந்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, பருப்புப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஜெபின் கல்லாமேல் கிடந்த தாளை எடுத்து பைலில் வைத்தான். அதில் யார் கையெழுத்தும் விழுந்திருக்கவில்லை. "ஒரு கடைக்காரர் செஞ்ச தப்புங்க இது" என்றான். "இதுக்காக மொத்தக் கணக்கையும் தப்புன்னு சொல்லிட முடியாது."

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் பத்துக் கடை இருக்கு சார். இதே மாதிரி ஒவ்வொண்ணாக் கேட்டுடலாம். நடங்க."

ஜெபின் தூரத்தில் நின்ற தன் காரைப் பார்த்தான்.

"வண்டி எதுக்குங்க?" என்றாள் கலியம்மாள். "நாங்க தெனமும் பெருக்குற ரோடுதான். சுத்தமா இருக்கும், வாங்க."